எல்லை எழுதாத காணி உறுதி

ரொறன்ரோவிலும் சுற்றுவட்டாரத்திலும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடத்தும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

போன கிழமை என் பேத்தி பள்ளிக்கூடத்தால் வந்து, "அம்மம்மா, இண்டைக்கு நாங்கள் வெண்டிட்டம்" என்றாள். ஒப்பந்தப் பேச்சுவார்த்தை விளையாட்டாம். பாதி வகுப்பு குடியேறிகள், மற்றப் பாதி பூர்வகுடிகள். ஆற்றுக்கு இத்தனை புள்ளி, காட்டுக்கு இத்தனை புள்ளி. இவள் பூர்வகுடிப் பக்கம் நின்று ஆற்றை விடாமல் பேரம் பேசினாளாம்.

அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எனக்கு நித்திரை வரவில்லை. இப்படிப் படிக்கிற பிள்ளை, காணியை இழந்தவர்கள் பேரம் பேசத் தெரியாமல்தான் இழந்தார்கள் என்றல்லவா நினைக்கும்?

எங்கள் விழா மேடைகளில் நில ஒப்புகை (இது எந்தப் பூர்வகுடிகளின் நிலம் என்று சொல்லும் வாசகம்) வாசிக்கும்போது வருகிற, ரொறன்ரோக் காணி கைமாறின 13ஆம் ஒப்பந்தத்தையே பாருங்கள். 1787 செப்டம்பரில் குவின்ரி குடாக் கரையில் பிரித்தானிய அதிகாரிகள் இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான மிசிசாகாக்களின் தலைவர்களைச் சந்தித்தார்கள். துப்பாக்கிச் சக்கிமுக்கிக் கல் 2,000, பித்தளைக் கேத்தல் 24, முகம் பார்க்கும் கண்ணாடி 120, ரம் 96 கலன் என்று சாமான்கள் கைமாறின. சில வருடம் கழித்து உறுதியை எடுத்துப் பார்த்தால், காணியின் எல்லை எழுதவேண்டிய இடம் வெறுமையாய்க் கிடந்தது. தலைவர்கள் கையெழுத்தாக இட்ட குலச்சின்னங்கள் வேறு கடதாசித் துண்டுகளில் இருந்தன. அவற்றை உறுதியில் ஒட்டியிருந்தார்கள். 1805இல் புது உறுதி முடித்தார்கள். 250,830 ஏக்கர், விலை 10 ஷில்லிங். பழைய உறுதி செல்லாது என்பதை மிசிசாகாக்களிடம் மூச்சுவிடவில்லை.

வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்குவது என்றால் என்னவென்று எங்கள் ஆட்களுக்கு விளக்கவா வேண்டும்? ஊரில் காணி வழக்குக்கு அலையாத குடும்பம் எது?

அதற்காக, ஏமாந்த சனம் என்று பாடத்தை முடித்துவிடாதீர்கள். வெள்ளைக்காரர் இந்த உறுதிகளை எழுதுமுன்பே பூர்வகுடிகளுக்குள் உடன்படிக்கைகள் இருந்தன. மிசிசாகாக்களும் அடங்கிய அனிஷினாபே மக்களும், இன்னொரு பூர்வகுடிக் கூட்டமைப்பான ஹோடனோஷோனி மக்களும் செய்துகொண்ட ஒன்றுக்கு 'ஒரே கலம், ஒரே கரண்டி' என்று பெயர். கலம் என்றால் இந்த நிலம். எல்லோரும் அதில் உண்ணலாம், மற்றவனுக்கும் மிச்சம் வைக்கவேண்டும். இரத்தம் சிந்தக்கூடாதென்று பக்கத்தில் கத்தி வைப்பதில்லை. இதைச் சிப்பி மணி கோத்த பட்டியில் பதிந்து வைத்தார்கள். அவர்களுக்கு ஒப்பந்தம் உறவு. எதிரே இருந்தவருக்கோ அது விற்பனை உறுதி. பிள்ளைகளுக்குப் புரியவேண்டியது இந்த இடம்தான். புள்ளிக் கணக்கில் இது வராது. மிசிசாகாக்கள் விட்டுவிடவுமில்லை: 1986இல் கனடா அரசிடம் கோரிக்கை வைத்து, 2010இல் 14.5 கோடி டொலர் இழப்பீடு பெற்றார்கள்.

இன்னொன்று. ஸ்காபரோவின் பெரும்பகுதி அந்த 1805 உறுதிக்குள் வராது. அதற்கு 1923இல் அரசு பூர்வகுடிகளோடு செய்த வில்லியம்ஸ் ஒப்பந்தங்களைக் காட்டுகிறார்கள். குடியேறிகள் நூறு வருடத்துக்கு மேல் உழுது விதைத்த பிறகு எழுதின தாள் அது! பிள்ளை உங்களிடம் "அப்ப எங்கட வீடு ஆற்ற காணியில நிக்குது?" என்று கேட்கும். மழுப்பாதீர்கள். ஊரில் காணி இழந்த கதையைச் சொல்லித் தப்பவும் வேண்டாம். இந்தக் கதையில் நாங்கள் வாங்கினவர் பக்கம் குடியிருக்கிறவர்கள்.

நவம்பர் முதல் வாரம் ஒன்ராறியோவில் ஒப்பந்தங்களை நினைவுகூரும் வாரம். அந்தச் சனிக்கிழமை ஐந்தாம் வகுப்புக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். ஆளுக்கொரு வெற்றுத் தாள் கொடுத்து, கீழே பெயர் மட்டும் எழுதச் சொல்லுங்கள். இடைவேளையில் மேலே நீங்கள் எழுதுங்கள்: "என் சாப்பாட்டுப் பெட்டியை ஆசிரியருக்குத் தருகிறேன்." பிறகு அவர்கள் போடுகிற சண்டையிலிருந்து பாடத்தைத் தொடங்கலாம். சின்ன வகுப்புகளில் வேண்டாம், அழுதுவிடுவார்கள்.

ஒப்பந்தக் காணிகளின் வரைபடம் நான் கொண்டுவருகிறேன். சாப்பாட்டுப் பெட்டிகளை மறக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஸ்காபரோவிலிருந்து ஒரு அம்மம்மா