டைலர்களின் கழுத்தையும் ஆய்வு செய்யுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஓவர்லாக், பேட்லாக் தையல் மெஷின் ஓட்டும் எங்களுக்குக் கழுத்தும் தோளும்தான் முதலில் வலிக்க ஆரம்பிக்கும். ஊசியைப் பார்த்தபடி தலை குனிந்தே இருக்கும், கைகளுக்குத் தாங்கல் கிடையாது. நான் வேலை பார்த்த கம்பெனிகளில் ஆடிட்டுக்கு வந்தவர்கள் தீயணைப்பான், கழிப்பறை, சம்பளப் பதிவேடு எல்லாம் பார்த்தார்கள். நாங்கள் உட்காரும் விதத்தை ஒருவரும் பார்க்கவில்லை.

இதை அளக்க 'ரூலா' என்ற முறை 1993-லேயே இங்கிலாந்தில் வந்துவிட்டது. கருவி எதுவும் வேண்டாம். தோள், முழங்கை, மணிக்கட்டு, கழுத்து, முதுகு எவ்வளவு வளைகிறது என்று பார்த்து, முடிவில் 1 முதல் 7 வரை மதிப்பெண் போடுகிறார்கள். மதிப்பெண் கூடக் கூட ஆபத்து அதிகம். கழுத்து 20 டிகிரிக்கு மேல் குனிந்தாலே கழுத்துக்கு 3. ஒரே அசைவு நிமிடத்துக்கு 4 முறைக்கு மேல் வந்தால் தனியாக ஒன்று கூடும். பீஸ்ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி என்று, தைப்பவருக்கு அது எப்போதும் கூடும்! 7 வந்தால் உடனே வேலைமுறையை மாற்ற வேண்டும் என்கிறது அந்த முறை.

தொழிலகப் பாதுகாப்பு இயக்ககம் தன் ஆய்வில் இதையும் சேர்க்க வேண்டும். அப்புறம், முதுகு சாயவும் உயரம் மாற்றவும் முடிகிற நாற்காலியாவது முதலில் கொடுக்கச் சொல்லுங்கள்.

- ஒரு பெண் டைலர், திருப்பூர்