தண்ணீர்மலையில் என்னோடு ஏறியவர்களுக்கு

பினாங்கு, பிப்ரவரி 2026

அன்புள்ளவர்களே,

இந்த மாதம் 1ஆம் நாள், தைப்பூசத்தன்று, தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளையும் பால்குடத்தோடு ஏறி முடித்தேன். இறங்கி வந்தபோது பார்த்தவர்கள் எல்லாரும் "உங்களுக்கு மனவலிமை அதிகம்" என்றார்கள். நானும் தலையாட்டிவிட்டேன். அது அன்றிலிருந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த வலிமை யார் யார் கொடுத்தது என்று எழுதாவிட்டால் பொய் சொன்னவளாவேன்.

என் கணவர் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பாயான் லெப்பாஸில் இரவு வேலை முடிந்து வந்தவர், நான் ஊற்றிக் கொடுத்த கோப்பி ஆறுவதற்குள் போய்விட்டார். அதன்பின் பதினான்கு மாதங்கள் என் வீட்டில் விளக்கு எரியவில்லை. சாமிப் படங்களை ஒரு வேட்டியால் மூடி வைத்தேன். அது அவருடைய வேட்டி. கடவுள்மேல் கோபம் என்றுகூடச் சொல்ல மாட்டேன். அவரிடம் பேச எனக்கு எதுவும் மீதமில்லை.

எதிர்வீட்டு அக்கா, முதல் நன்றி உங்களுக்குத்தான். அந்தப் பதினான்கு மாதங்களில் நீங்கள் ஒருமுறைகூட என்னைக் கோயிலுக்கு அழைக்கவில்லை. விதி என்றோ, காலம் ஆற்றும் என்றோ சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைகளில் விளக்கேற்றிவிட்டு உங்கள் கதவைத் திறந்து வைத்தீர்கள், அவ்வளவுதான். சாம்பிராணிப் புகை நடைபாதையைத் தாண்டி என் வாசல்வரை வரும். முகத்தில் அடித்தாற்போல் நான் கதவைச் சாத்திய நாள்களும் உண்டு. மறு வெள்ளியும் உங்கள் கதவு திறந்தே இருந்தது.

கீழ்த்தளத்துச் சீனப் பாட்டிக்கு இதை என் மகள் மலாயில் படித்துச் சொல்வாள். பாட்டி, நீங்களும் கணவரை இழந்தவர். விடிவதற்கு முன்பே வந்து கதவைத் தட்டி, தாவரவியல் பூங்காவுக்கு நடக்க அழைத்துப் போனீர்கள். திரும்பும் வழியில் சோயாப் பால் வாங்கிக் கொடுத்து, நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பீர்கள். பல நாள் எனக்கு அதுதான் முதல் ஆகாரம்.

தேவார வகுப்பு ஐயாவுக்கு என்ன எழுதுவது? அக்காவின் பேத்தியை ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் விட வந்தவள், வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சூலை நோய் வயிற்றை முறுக்கத் திருவதிகையில் திருநாவுக்கரசர் பாடிய முதல் பதிகத்தை அன்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். "ஆற்றேன் அடியேன்" என்ற இடத்தில் பாட்டை நிறுத்தி, "தாங்க முடியவில்லை என்று சாமியிடம் சொல்கிறார், அதுவும் வழிபாடுதான்" என்றீர்கள். பிள்ளைகளுக்குச் சொன்னதுதான். ஆனால் அதுவரை நான் வேறு மாதிரி நம்பியிருந்தேன், ஐயா. கைகூப்ப வேண்டுமானால் முதலில் மனம் தேறியிருக்க வேண்டும், அழுகை நின்றிருக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். அன்று இரவு அந்த வேட்டியை எடுத்து மடித்து வைத்தேன். விளக்கேற்றினேன். வேண்டுதல் ஒன்றுமில்லை, அந்த இரண்டு சொற்களை மட்டும் சொன்னேன். எத்தனை முறை சொன்னேன் என்று நினைவில்லை. பல மாதங்களுக்குப்பின் அன்றுதான் விடியும்வரை தூங்கினேன்.

பால்குடம் எடுப்பது என்று முடிவெடுத்தது அதற்கும் வெகுநாள் கழித்து. மார்கழி முதல் நாளில் 48 நாள் விரதம் தொடங்கினேன். மகளே, அந்த நாள்களில் நீயும் எனக்காக மரக்கறி மட்டும் சாப்பிட்டாய். வேலையிடத்தில் என்ன சாப்பிட்டாய் என்று நான் கேட்கவில்லை, நீயாகவே சொன்னாய்.

பூசத்துக்கு முதல்நாள் வெள்ளி இரதம் வந்தபோது சீனப் பாட்டி சாலையோரத்தில் தேங்காய்களோடு காத்திருந்தார். ஒன்றை என் கையில் கொடுத்து, "உன் வீட்டுக்காரருக்காக உடை" என்றார். உடைத்தேன். அவர் பெயரை அழாமல் உரக்கச் சொன்னது அப்போதுதான்.

கடைசியாக, பெயர் தெரியாத ஒருவருக்கு. பாதி மலையில் என் முழங்கால் மடங்கியது. குடத்தைத் தலையிலிருந்து இறக்கிவிடுவேன் என்று பயந்தேன். பின்னால் வந்த மஞ்சள் சேலை அம்மா, நீங்கள் குடத்தை வாங்கிக்கொள்ளவில்லை. ஒரு கையை என் முதுகில் வைத்தீர்கள், மறு கையை உயர்த்திக் குடத்தைத் தாங்கிக்கொண்டீர்கள். நான் மூச்சு வாங்கும்வரை காத்திருந்தீர்கள். பின்னால் வந்தவர்களும் "வேல் வேல்" என்றபடி எங்களுக்காக நின்றார்கள். சந்நிதியில் பால் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன், கூட்டத்தில் உங்களைக் காணவில்லை. இந்த மடல் உங்கள் கண்ணில் படவேண்டும் என்றுதான் எல்லாரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

அக்கா, குடம் உங்களுடையது. புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை விளக்கேற்றியதும் கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் எதிர்வீட்டுக்காரி
ஜெலுத்தோங்