எடின்பரோவிலிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

இங்கே நலம். குளிர் பழகிவிட்டது, இருட்டுதான் பழகவில்லை. டிசம்பரில் மூன்றே முக்கால் மணிக்கெல்லாம் சூரியன் போய்விடுகிறது. அறையிலேயே அடைந்து கிடந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்றுதான் பக்கத்தில் ஒரு பாட்டுக்குழுவில் சேர்ந்தேன். யார் வேண்டுமானாலும் சேரலாம். என்னைக் கீழ்க்குரல் வரிசையில் நிறுத்தியிருக்கிறார்கள்.

பாடுவதெல்லாம் ஸ்காட்லாந்து நாட்டுப்பாட்டுகள். நிறையப் பாட்டுகளில் ஐந்தே சுரம்தான், உனக்குப் பிடிக்கும். புத்தாண்டு பிறக்கும்போது எல்லோரும் கைகோத்துப் பாடுகிறார்களே, 'ஆல்ட் லாங் சைன்', அது ஸ ரி க ப த. அப்படியே நம்ம மோகனம்! வாசித்துப் பாரேன்.

ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் தந்த அந்த வரிகளை இன்றைய மெட்டோடு சேர்த்து 1799-ல் அச்சிட்டவர் ஜார்ஜ் தாம்சன். இதே ஊரில் குமாஸ்தா வேலை பார்த்தவர். நாட்டுப்பாட்டு பெரிய வீட்டுக் கூடங்களிலும் ஒலிக்க வேண்டும் என்ற ஆசையில், ஹைடன், பீத்தோவன் போன்ற பெரிய ஐரோப்பிய இசையமைப்பாளர்களுக்கே காசு கொடுத்து, பியானோ, வயலின், செல்லோவுக்கு இசை எழுதி வாங்கியிருக்கிறார். வேடிக்கை என்னவென்றால், பீத்தோவனுக்குப் பெரும்பாலும் மெட்டு மட்டும்தான் போகும், வரிகள் போகாது. வரிகளை அனுப்பு என்று அவர் கேட்டு எழுதுவார். தாம்சனோ, பியானோ பகுதி கடினமாக இருக்கிறது, எங்கள் ஊர்ப் பெண்களுக்கு வாசிக்க வராது என்று புகார் எழுதுவார். என்ன பாட்டென்றே தெரியாமல் எப்படி அக்கா இசை சேர்ப்பது? அந்தப் பாட்டுகளை நானும் போட்டுக் கேட்டுப் பார்த்தேன். வாத்தியமெல்லாம் பிரமாதம், பாட்டுதான் அடுத்தவர் வீட்டில் விருந்தாளியாக உட்கார்ந்த மாதிரி கூச்சத்தோடு இருக்கிறது.

எங்கள் குழுவை நடத்தும் அம்மா நேர் எதிர். இப்போது ஸ்காட்லாந்தின் மேற்கே உள்ள ஹெப்ரிடீஸ் தீவுகளின், கேலிக் என்ற பழைய மொழிப் பாட்டு ஒன்று எடுத்திருக்கிறார். அந்தக் காலத்தில் நெய்த கம்பளித் துணியை நனைத்து, பெண்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து அடித்து அடித்துக் கெட்டியாக்குவார்களாம். அந்த வேலையின்போது பாடுகிற பாட்டு இது: ஒருத்தி அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் பல்லவியை வாங்கிப் பாடுவார்கள். தீவுக் கிழவிகள் பாடிய பழைய ஒலிப்பதிவுகளைத்தான் முதலில் கேட்க வைத்தார். 1951-லிருந்து இங்குள்ள பல்கலைக்கழகம் இப்படி ஊர் ஊராகப் பதிவு செய்து சேர்த்திருக்கிறது, நிறைய இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. கேட்ட பிறகுதான் எங்களுக்குச் சுரத்தாள் தந்தார். சரணம் ஒற்றைக்குரல், துணை கிடையாது. பல்லவிக்கு மட்டும் மூன்று குரல். நாங்கள் கீழ்வரிசைக்காரர்கள் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு, கையால் மேசையைத் தட்ட வேண்டும். அவ்வளவுதான்.

கிடார் சேர்த்தால் கூட்டம் வரும் என்று குழுவில் சிலர் முணுமுணுக்கிறார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. 1992-ல் 'கேப்பர்கேலி' என்ற இசைக்குழு இந்த வகைப் பாட்டு ஒன்றை டிரம்ஸும் கீபோர்டும் வைத்துப் பாடி, பிரிட்டனின் முதல் நாற்பது பாட்டுப் பட்டியலில் ஏற்றியது. எனக்கு அது ரொம்பப் பிடித்தது. துணி அடிக்கிற தாளம் அதில் தொலையவில்லை, டிரம்ஸுக்கு மாறியிருக்கிறது. எதைச் சேர்த்தாலும் அந்த அடி கேட்டால் போதும் என்பது என் கட்சி. கிடாருக்கு அந்த அம்மா மசிவதாகத் தெரியவில்லை.

ஏப்ரலில் நிகழ்ச்சி. வீடியோ அனுப்புகிறேன், என் கேலிக் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்காதே. அப்புறம், அம்மாவின் கண் பரிசோதனைக்கு அனுப்பிய பணம் வந்ததா? அத்தானையும் குழந்தைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் தம்பி