சிங்கம் வருவதற்கு முன்னால்

ஆசிரியருக்கு வணக்கம்.

உயிர்ப்புப் பெருவிழா சிறப்பிதழில், ரோம ஆட்சியில் ஆதி கிறிஸ்தவர்கள் பட்ட பாட்டைச் சொல்லும் 'ஏ.டி.' என்ற பழைய தொலைக்காட்சித் தொடரைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 1985-இல் குருத்து ஞாயிறு அன்று தொடங்கி ஐந்து இரவுகள் அமெரிக்காவில் ஒளிபரப்பான தொடர். பல வருடம் கழித்து எங்கள் பங்கு மண்டபத்தில் வீடியோ கேசட் போட்டுக் காட்டினார்கள். திருத்தூதர் பணிகள் நூலைச் சிறு வயதிலிருந்து காதால் கேட்டே வளர்ந்த எனக்கு, பேதுருவும் பவுலும் கண்முன்னே நடந்து வந்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்தப் பாசத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

கட்டுரையில் இருந்த ஒரு பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன். நீரோ மன்னன் கிறிஸ்தவர்களைக் கொலோசியத்தில் சிங்கங்களுக்குப் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நீரோ 68-இல் இறந்துபோனான். கொலோசியத்தைக் கட்டத் தொடங்கியவர் அவனுக்குப் பிறகு வந்த வெஸ்பாசியன்; திறந்து வைத்தவர் அவருடைய மகன் தீத்து, 80-இல். 64-இல் ரோம் நகரம் தீப்பற்றி எரிந்த பின் நடந்த கொடுமையை வரலாற்றாசிரியர் தாசித்துஸ் எழுதி வைத்திருக்கிறார். விலங்குத் தோலைப் போர்த்தி நாய்களை ஏவிக் குதற விட்டார்கள், சிலுவையில் அறைந்தார்கள், பொழுது சாய்ந்ததும் மனிதர்களையே விளக்காக எரித்தார்கள். இதற்கெல்லாம் நீரோ தன் சொந்தத் தோட்டத்தைத் திறந்துவிட்டான். அவர் எழுதியதில் சிங்கம் இல்லை. சுரங்கக் கல்லறைகளில் கிறிஸ்தவர்கள் ஒளிந்து வாழ்ந்தார்கள் என்பதும் இதே மாதிரிப் பிழைதான். அவை இறந்தவர்களை அடக்கம் செய்த இடங்கள்.

ஆனால் என் மனக்குறை தேதிக் கணக்கு பற்றியது மட்டும் இல்லை. அந்தத் தொடரில் பேர்பெற்ற நட்சத்திரங்கள் பலரும் அரண்மனைப் பக்கம்தான். ஜேம்ஸ் மேசன் பேரரசர் திபேரியுஸ், ஏவா கார்ட்னர் நீரோவின் தாய் அக்ரிப்பினா. நாமும் அரசனின் வெறியையும் விலங்குகளின் பல்லையும் பார்த்துவிட்டு எழுந்து வருகிறோம். அதற்கு முந்தைய கட்டம், அண்டை வீட்டுக்காரன் ஒரு காகிதத்தில் பெயரை எழுதிக் கொடுக்கிற கட்டம், கண்ணில் படுவதில்லை.

ஏறக்குறைய 112-இல், இன்றைய துருக்கியின் வட பகுதியில் ஆளுநராக இருந்த பிளினி, டிராஜன் பேரரசருக்கு எழுதிய கடிதம் நமக்குக் கிடைத்திருக்கிறது. இவர்கள் கிறிஸ்தவர்கள் என்று பெயர்ப் பட்டியலோடு தன் கைக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது என்கிறார். அதில் இருந்தவர்களை அழைத்து, அரசர் சிலைக்கு முன் சாம்பிராணியும் திராட்சை மதுவும் படைத்துக் கிறிஸ்துவைப் பழிக்கச் சொல்கிறார். செய்தவன் வீட்டுக்குப் போகலாம். திருச்சபையில் பணிவிடை செய்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்தேன் என்று சாதாரணமாக எழுதுகிறார். அவர்கள் பெயரைக்கூடக் குறிக்கவில்லை. கோயில்களில் பலியிட்ட இறைச்சியை வாங்க ஆளில்லாமல் இருந்தது, இப்போது மறுபடி விற்கிறது என்ற தகவலும் அதே கடிதத்தில் உண்டு. டிராஜன் பதில் போட்டார்: அவர்களைத் தேடிப் போகாதே, மொட்டைக் கடிதத்தை ஏற்காதே; யாராவது குற்றம் சாட்டி நிரூபித்தால் தண்டனை கொடு.

250-இல் தேசியுஸ் அரசர் காலத்தில் அது அரசாங்கக் காகிதமாகவே ஆகிவிட்டது. தேவர்களுக்குப் பலி செலுத்தினேன், படையலைச் சுவைத்தேன் என்று எழுதி, அதிகாரிகள் முன்னிலையில் சான்றிதழ் வாங்க வேண்டும். எகிப்து மணலிலிருந்து நாற்பதுக்கும் மேற்பட்ட சான்றிதழ்கள் கிடைத்துள்ளன. அதில் ஒன்று முதலைத் தெய்வத்தின் பூசாரிப் பெண் ஒருத்தி வாங்கியது! அவளுக்கே காகிதம் தேவைப்பட்டது என்றால், ஞாயிறு தோறும் இரகசியமாக அப்பம் பிட்ட குடும்பம் அந்த வரிசையில் எப்படி நின்றிருக்கும்?

போன தவக்காலத்தில் மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தத் தொடரிலிருந்து கொஞ்சம் காட்டினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, ஒரு பையன் "சிங்கம் எப்ப டீச்சர் வரும்?" என்றான். அவன்மேல் தப்பில்லை. நிறுத்திவிட்டு, மேசையில் இருந்த தண்ணீர்ச் செம்பைத் தூக்கிக் காட்டி பெர்பெத்துவாவின் கதையைச் சொன்னேன்.

வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரம், 203-ஆம் ஆண்டு. பெர்பெத்துவாவுக்கு வயது இருபத்திரண்டு போல, கையில் பால்குடி மாறாத ஆண் குழந்தை. சிறையில் இருந்தபடி அவளே எழுதிய நாட்குறிப்பு இன்றும் இருக்கிறது. மறுதலித்துவிடு என்று அப்பா மன்றாடுகிறார். "இந்தப் பாத்திரத்தை வேறு பெயரால் அழைக்க முடியுமா, அப்பா?" என்று கேட்கிறாள். முடியாது என்கிறார். அதே போல என்னையும் கிறிஸ்தவள் என்பதைத் தவிர வேறு பெயரால் சொல்ல முடியாது என்கிறாள். இன்னொரு நாள் அந்த மனிதர் அவள் கையை முத்தமிட்டு, காலில் விழுந்து, மகளே என்று கூப்பிடாமல் எஜமானியம்மா என்று கூப்பிடுகிறார். குழந்தையைச் சிறையிலேயே வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்ததும் சிறை எனக்கு அரண்மனை ஆனது என்று எழுதுகிறாள். தீர்ப்புக்குப் பிறகு தாத்தா குழந்தையைத் திருப்பித் தரவில்லை. கூடவே சிறையிருந்த அடிமைப் பெண் பெலிசித்தா அங்கேயே ஒரு மகளைப் பெற்றெடுத்தாள்.

வகுப்பில் பின்வரிசையில் இருந்த சிறுமி ஒருத்தி, "அந்தப் பாப்பாவ அப்புறம் யாரு டீச்சர் பாத்துக்கிட்டா?" என்று கேட்டாள். கிறிஸ்தவப் பெண் ஒருத்தி தன் மகளாக வளர்த்தாள் என்று அந்த ஏட்டிலேயே இருக்கிறது, சொன்னேன்.

'ஏ.டி.' தொடரைப் படமெடுத்தது டுனீசியாவில். கார்த்தேஜின் இடிபாடுகள் கிடப்பதும் அதே நாட்டில். தொடரின் கதை முதல் நூற்றாண்டோடு முடிவதால் பெர்பெத்துவாவுக்கு அதில் இடமில்லை. அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். அவளுக்கென்று ஒரு தொடரை யாராவது எடுக்க வேண்டும், அதில் அந்தத் தண்ணீர்ப் பாத்திரம் திரை முழுவதும் தெரிய வேண்டும் என்பதுதான் என் ஆசை.

திருப்பலியின் நற்கருணை மன்றாட்டில் பெர்பெத்துவா, பெலிசித்தா இருவரின் பெயரையும் குருவானவர் சொல்லக் கேட்டிருப்போம். யார் என்று தெரியாமலே கடந்து போயிருப்போம். மார்ச் 7 அவர்கள் திருநாள். அடுத்த ஆண்டு அந்த வாரத்து இதழில் பெர்பெத்துவாவின் நாட்குறிப்பை நல்ல தமிழில் வெளியிடுங்கள். பக்கம் போதாது என்றால் தொடராகப் போட்டாலும் சரி, காத்திருந்து படிக்கிறோம்.

இப்படிக்கு,
மறைக்கல்வி ஆசிரியை ஒருவர்,
தூத்துக்குடி