பெற்றோருக்கு: முதல் பருவச் செய்திகளும் ஒரு வேண்டுகோளும்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

முதல் பருவம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கிறது. இடைத்தேர்வு முடிந்து விடைத்தாள்கள் கொடுத்தாயிற்று. வட்டார விளையாட்டுப் போட்டிகளில் நம் பிள்ளைகள் பரிசு வாங்கி வந்திருக்கிறார்கள். சுதந்திர தின விழாவுக்குத் திரளாக வந்தீர்கள், நன்றி.

அப்புறம், சென்னை தினக் கண்காட்சி. 1639 ஆகஸ்ட் 22-ஐ நினைவுகூர்ந்து ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துக் கடிதங்களும் வரைபடங்களும் செய்திருந்தார்கள். ஒரு கடிதத்தைக் கையில் எடுத்துப் பார்த்தேன். தாளைக் கசக்கி விரித்துப் பழுப்பு மையை ஸ்பிரே செய்திருந்தாள் அந்தப் பெண். மடிப்புகளில் மை இறங்கி, பல தலைமுறை பரணில் கிடந்த தாள் போலவே இருந்தது. மனசு நிறைந்துபோனது.

அந்த மை ஸ்பிரே பற்றித்தான் இப்போது பேச வேண்டியிருக்கிறது. கண்காட்சி முடிந்தும் பாட்டில்கள் தினமும் பைக்குள் வருகின்றன. போன செவ்வாய்க்கிழமை, மினுமினுப்புப் பொடி கலந்த மை ஒன்று பாட்டில் வாயில் அடைத்துக்கொண்டது. ஏன் வரவில்லை என்று ஒரு மாணவன் முகத்துக்கு நேரே திருப்பி அழுத்திவிட்டான். கண்ணில் பட்டது. உடனே குழாயடியில் நிறுத்திக் கழுவி, மருத்துவரிடமும் காட்டினோம். இப்போது நன்றாக இருக்கிறான். மின்விசிறி ஓடிய வகுப்பில் பக்கத்துப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டையெல்லாம் கறை.

ஆர்வத்தில் செய்ததுதான், பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. ஆனால் சில மைகளில் ஆல்கஹால் இருக்கிறது, தீப்பற்றும். தாளின் ஓரத்தை மெழுகுவர்த்தியில் கருக்குவதும் நடக்கிறது என்று கேட்டபோது எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.

ஆகவே கண்டிப்பாகச் சொல்கிறேன். திங்கள் முதல் பையில் ஸ்பிரே பாட்டில் இருந்தால் வாங்கி வைத்துக்கொள்வோம். பெற்றோர் நேரில் வந்தால்தான் திருப்பித் தருவோம். இதில் யாருக்கும் விலக்கு இல்லை.

வீட்டில் தாளைப் பழையது போல ஆக்க டீ டிகாக்‌ஷனே போதும். நன்றாக ஆறியதும் பஞ்சில் தொட்டு, ஓரங்களில் மட்டும் இரண்டு மூன்று முறை ஒற்றி, நிழலில் காய விடுங்கள். காற்றும் வெளிச்சமும் படுகிற ஓரம்தானே பழைய தாளில் முதலில் பழுக்கிறது! அதைப் பிள்ளையே கவனித்துச் செய்யட்டும்.

ஸ்பிரேதான் வேண்டும் என்பவர்களுக்குச் சனிக்கிழமை காலை 10 மணிக்கு ஓவிய ஆசிரியை மொட்டைமாடியில் சொல்லித்தருவார். தாளை அட்டைப்பெட்டிக்குள் வைத்து, ஓர் அடி தள்ளி நின்று அடிக்க வேண்டும். பழைய சட்டை ஒன்று கொடுத்தனுப்புங்கள்.

அன்று போன் செய்ததும் ஒரு வார்த்தை கடிந்து பேசாமல் ஓடிவந்த பெற்றோருக்கும், வீட்டிலிருந்து மாற்றுச் சட்டைகள் கொண்டுவந்து கொடுத்த அம்மாவுக்கும் என் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்