எடை மெஷினை அறைக்குள்ளே வையுங்கள்

கர்ப்பிணிகளுக்குச் செக்கப் பார்க்கும் டாக்டர்களுக்கும் சிஸ்டர்களுக்கும் வணக்கம்.

நான் இரண்டு பிள்ளை பெற்றவள், இரண்டு முறையும் எடை கூடுதலாக இருந்தவள். முதல் முறை நான் போன இடத்தில் எடை மெஷின் வராந்தாவில் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, கைப்பையைப் பக்கத்தில் நிற்கிறவரிடம் கொடுத்துவிட்டு ஏறி நிற்க வேண்டும். முள் ஆடி நிற்பதற்குள், பத்தடி தள்ளி மேசையில் எழுதிக்கொண்டிருந்த இன்னொரு சிஸ்டருக்குக் கேட்கட்டும் என்று "எண்பத்தி நாலு" என ஒரு குரல். வரிசையில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது. சீட்டில் அந்த எண்ணைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். "எடையக் குறைம்மா, குழந்தைக்கு ஆகாது." எனக்குக் கிடைத்த விளக்கம் அவ்வளவுதான். எனக்குப் பின்னால் ஒல்லியாக ஒரு பெண் ஏறினார், "நாப்பத்தி ரெண்டு." அவருக்கு வட்டமும் இல்லை, பேச்சும் இல்லை.

எதனால் ஆகாது, எப்படி ஆகாது என்று நான் கேட்கவில்லை, கேட்கிற தைரியம் அன்று இல்லை. வீட்டுக்கு வந்து நாலு நாள் பாதி வயிறாகக் கிடந்தேன். கர்ப்ப காலம் எடை குறைப்பதற்கான நேரமே இல்லை, எவ்வளவு கூடலாம் என்பதுதான் கேள்வி என்று எனக்கு மிகவும் பின்னால்தான் தெரிந்தது. அமெரிக்காவின் மருத்துவக் கழகம் 2009இல் தந்த வரம்பு உங்களுக்குத் தெரியாதது இல்லை: கர்ப்பத்துக்கு முன் பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 18.5க்குக் கீழே இருந்தால் 12.5 முதல் 18 கிலோ வரை கூடலாம், சராசரி எடை என்றால் 11.5 முதல் 16, அதற்கு மேல் 7 முதல் 11.5, பிஎம்ஐ 30 தாண்டியவர்களுக்கு 5 முதல் 9. என்னைப் போன்றவளுக்கும் ஐந்து கிலோ கூடலாம் என்று அன்று ஒரு வாய் சொல்லியிருந்தால் நாலு நாள் பட்டினி மிச்சம். கூடுகிற எடை முழுக்கக் கொழுப்பும் இல்லையே, அதில் குழந்தை உண்டு, நச்சுக்கொடி உண்டு, பனிக்குடநீரும் கூடுகிற ரத்தமும் உண்டு.

சரி, குழந்தைக்கு என்னதான் ஆகும்? தாயின் ரத்தத்தில் உள்ள குளுக்கோஸ் நச்சுக்கொடியைத் தாண்டிப் போகும், தாயின் இன்சுலின் தாண்டாது. அதனால் அம்மாவுக்குச் சுகர் ஏறினால் குழந்தையின் கணையமே கூடுதலாக இன்சுலின் சுரந்து சமாளிக்க வேண்டும், அந்த இன்சுலின் குழந்தையின் உடம்பில் கொழுப்பைச் சேர்க்கும். டென்மார்க் மருத்துவர் யோர்கன் பெடர்சன் 1950களிலேயே சொன்ன விளக்கம் இது. எடை கூடுதலான பெண்களுக்குக் கர்ப்பகாலச் சுகர் வரும் வாய்ப்பு அதிகம், அதனால்தான் சுகர் டெஸ்ட்டைத் தவறவிடாதே என்கிறார்கள். இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். சொல்லியிருந்தால் நான் இரண்டாவது டெஸ்ட்டைத் தள்ளிப்போட்டிருக்க மாட்டேன்.

பிறகு வளர்ந்த பிள்ளைகளின் கதை. ஸ்காட்லாந்தின் அபர்தீனில் பிறந்த 37,709 பேரைப் பற்றி 2013இல் வந்த ஆய்வில், கர்ப்பத்தின் தொடக்கத்தில் பிஎம்ஐ 30க்கு மேல் இருந்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு அகால மரண வாய்ப்பு 35 சதவீதம் அதிகமாக இருந்தது. படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, ஒளிப்பானேன். ஆனால் அது தொடர்பைக் காட்டும் ஆய்வு. ஒரே வீட்டுச் சாப்பாடு, ஒரே வருமானம், அப்பா அம்மா கொடுத்த மரபணு எல்லாம் அதற்குள்ளே கலந்து கிடக்கும், எது எவ்வளவு என்று பிரித்தெடுப்பது லேசில்லை. அப்பாவின் எடைக்கும் பிள்ளையின் எடைக்கும்கூடத் தொடர்பு தெரிகிறது. அந்த வராந்தா மெஷினில் ஒரு அப்பாவும் ஏறி நான் பார்த்ததில்லை.

அந்த நாற்பத்தி இரண்டு கிலோப் பெண்ணை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பஞ்சம் வந்தபோது கருவில் இருந்த ஆண்களை, பத்தொன்பது வயதில் ராணுவப் பரிசோதனைக்கு வந்தபோது, மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எல்லாருமாகச் சுமார் மூன்று லட்சம் பேரின் பதிவுகள். கர்ப்பத்தின் முதல் பாதியில் தாய் பட்டினி கிடந்திருந்தால் மகனுக்குப் பருமன் அதிகம், கடைசி மாதங்களில் கிடந்திருந்தால் குறைவு. இங்கிலாந்தின் மருத்துவ ஆய்வாளர் டேவிட் பார்க்கர் 1980களில் எடை குறைவாகப் பிறந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இதயநோய் அதிகம் என்று காட்டினார். ஆக, வட்டம் போட வேண்டும் என்றால் அவருக்கும் போட்டிருக்க வேண்டும். ஒல்லி என்றால் கவலையில்லை என்ற நினைப்பு உங்களுக்குள்ளும் இருக்கிறது.

எனக்கு உண்மையான வருத்தம் வேறு. கர்ப்பமான பிறகு சாப்பாடு, நடை என்று ஆலோசனை கொடுத்து ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் பெரிய அளவில் பரிசோதித்தார்கள். ஆஸ்திரேலியாவில் அளவுக்கு மீறிப் பெரிதாகப் பிறக்கும் குழந்தைகளின் விகிதம் குறையவில்லை, பிரிட்டனில் கர்ப்பகாலச் சுகர் குறையவில்லை. கனடாவில் எடைக்குறைப்பு அறுவைசிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஒரே தாய் பெற்ற பிள்ளைகளை ஒப்பிட்டபோது, பின்னால் பிறந்தவர்களிடம் பருமன் குறைவாக இருந்தது. அதாவது எடையைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் பெரும்பாலும் நாங்கள் உங்கள் வரிசைக்கு வருவதற்கு முன்பே. முதல் பிரசவத்துக்குப் பிறகு தடுப்பூசிக்கு எத்தனை முறை வந்தேன்! ஒருமுறையாவது "அடுத்ததுக்குப் பிளான் இருக்கா, எடையை இப்பவே பார்ப்போமா" என்று கேட்டிருக்கலாமே. இரண்டாவது உண்டானபோது அதே வராந்தா, அதே மெஷின், இந்த முறை எண்பத்தி ஒன்பது.

உங்களுக்குக் கூட்டம் அதிகம், ஆள் குறைவு, தெரியும். சிஸ்டர்கள் மத்தியானம் மூன்று மணிவரை சாப்பிடாமல் நிற்பதையும் பார்த்திருக்கிறேன். அதனால் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. எண்ணைக் கூவாமல் சீட்டில் எழுதுங்கள். வரம்பைக் கிலோவில் சொல்லுங்கள், 'குறை' என்று சொல்லாதீர்கள். ஒல்லியானவரிடமும் பேசுங்கள், கூட வரும் வீட்டுக்காரரையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

அடுத்த மாதம் என் தங்கை முதல் செக்கப்புக்கு வருகிறாள், நானும் கூட வருவேன். அந்த மெஷினுக்கு கரண்ட் தேவையில்லை, ஒரு ஆள் தூக்கிவிடலாம், உள் அறையில் கதவுக்குப் பின்னால் இடமும் இருக்கிறது.

இப்படிக்கு,
எண்பத்தி நாலு