குளியலறைக் குழாய் வேலை: ஒரு தகவல், ஒரு வேண்டுகோள்

வணக்கம். சென்ற மாதம் எங்கள் குளியலறையில் நடந்த குழாய் வேலை, கீழ்வீட்டு மாமியின் கூரையில் தேமல் போல ஈரமாகப் படர்ந்திருக்கிறது. டைல்ஸைப் பெயர்த்துப் பார்த்தோம். சுடுநீர்க் குழாய் முட்டியில் பாதிச் சுற்றுக்குத்தான் பசை தடவியிருக்கிறார் பிளம்பர். அழைத்தால் "நாளைக்கு வருகிறேன்" என்கிறார். அந்த நாளை இன்னும் விடியவில்லை. முழுக் கூலியையும் முன்பே கொடுத்தது என் அசட்டுத்தனம்.

நீங்களாவது டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் குழாயில் அழுத்தச் சோதனை (அழுத்தத்துடன் தண்ணீர் ஏற்றிக் கசிகிறதா என்று பார்ப்பது) செய்யச் சொல்லுங்கள். தரையில் 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பாருங்கள். ரசீது இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். என்னிடம் துண்டுச்சீட்டுகூட இல்லை.

வேறு ஆள் வைத்துச் சரிசெய்கிறோம். சனிக்கிழமை காலை 10 முதல் 1 மணி வரை நம் வரிசை வீடுகளுக்குத் தண்ணீர் வராது. குடங்களில் பிடித்துவைத்துக்கொள்ளுங்கள். மாமி, பெயின்ட் செலவு எங்களுடையது.